உங்களுக்குத் தெரியுமா? குரங்கு செத்த சேதி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்

மனிதருக்கு வரும் தொற்றுநோய்களில் 100க்குச் சுமார் 60 விலங்குகளிடமிருந்து வந்தவை, அல்லது விலங்குகளோடு நாம் பங்குபோட்டுக்கொள்பவை. புதிதாகத் தலைதூக்கும் நோய்களை மட்டும் எடுத்தால் இந்தப் பங்கு முக்கால்வாசி. பல நேரங்களில் மனிதர் படுக்கையில் விழுவதற்கு முன்பே ஒரு குரங்கோ காகமோ பூனையோ விழுந்திருக்கிறது. அதைக் கவனித்தவர்கள், கவனித்தும் சொல்ல வழியில்லாமல் நின்றவர்கள், சொல்லியும் கேட்கப்படாதவர்கள் எனப் பலரைப் பற்றிய தகவல்கள் இந்த வாரம்.

கியாசனூர் காடு

1957, கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம். கியாசனூர் காட்டில் சாம்பல் மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் வரிசையாகச் செத்து விழுந்தன. அதே நாட்களில் பக்கத்து ஊர்களில் ஆட்கள் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். தலை பிளக்கும் வலி, உடல்வலி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம். ஊர்க்காரர்கள் ஆய்வுக்கூட முடிவுக்குக் காத்திருக்கவில்லை. ‘குரங்குக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். குரங்கின் சாவையும் மனிதரின் காய்ச்சலையும் முதலில் சேர்த்துப் பார்த்த பெருமை அவர்களுடையது.

புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கு ஒரு பெரிய பயம் இருந்தது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் குரங்குகளைக் கொல்லும் மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டதோ? ஆய்வில் அகப்பட்டது உலகம் அதுவரை அறியாத வேறொரு வைரஸ். சைபீரியாவின் ஓம்ஸ்க் ரத்தக்கசிவுக் காய்ச்சல் வைரஸுக்கு அது உறவு. பரப்புவது உண்ணி.

குரங்கு செத்து உடல் குளிர்ந்ததும் அதன்மேல் இருந்த உண்ணிகள் கழன்று சருகுக்குள் இறங்குகின்றன. சருகு அள்ளவும் விறகு ஒடிக்கவும் அவ்வழியே வருகிறவரின் காலில் ஏறுவது பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் படாத இளம் உண்ணி. அதனால்தான் குரங்கு செத்துக் கிடந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குப் பூச்சிமருந்து தூவுகிறார்கள். குரங்கு செத்த தகவல் வனக் காவலரிடமிருந்து அன்றைக்கே சுகாதாரத் துறைக்குப் போனால்தான் இந்த வேலை பலிக்கும். பத்து நாள் கழித்துப் போனால் உண்ணி அதன் வேலையை முடித்திருக்கும்.

அந்தக் காட்டில் திடீரென நோய் பெருகியதற்கு அன்றைய ஆய்வாளர்கள் சொன்ன காரணம் இன்னும் கவனிக்கத்தக்கது. வயலுக்காகக் காட்டை வெட்டினார்கள். ஜனமும் மாடும் பெருகின. மேய்ச்சல் காட்டுக்குள் போனது. வளர்ந்த உண்ணிக்கு மாடு நல்ல இரை. மாடு இந்த நோயில் சாவதில்லை, ஆனால் உண்ணியைப் பெருக்கிக் கொடுக்கிறது. 2012-13இல் நீலகிரி மாவட்டத்துக் குரங்குகளிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என நோய் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பரவியிருக்கிறது.

நியூயார்க்கின் காகங்கள்

1999 ஆகஸ்ட். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலும் தசைச் சோர்வுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். ‘செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல்’ என்றது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். அதே கோடையில் நகரத்துக் காகங்கள் செத்துக்கொண்டிருந்தன. பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையின் நோய்க்கூறு மருத்துவர் டிரேசி மெக்னமாராவின் மேசைக்குக் காகங்களோடு, அங்கே வளர்த்த பூநாரைகளின் உடல்களும் வந்தன.

அவர் யோசித்த விதம் அழகானது. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லை. ஆகவே இது அதுவாக இருக்க முடியாது. குதிரைகளைத் தாக்கும் இன்னொரு மூளைக்காய்ச்சல் வைரஸ் ஈமுக் கோழிகளைக் கொன்றுவிடும். அவருடைய ஈமுக்களோ நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. ஆகவே அதுவும் இல்லை. மனிதரும் பறவையும் ஒரே நோயில் விழுகிறார்கள் என்று அவர் வற்புறுத்தியபோது, விலங்கு மருத்துவரின் பேச்சை மனித மருத்துவம் உடனே காதில் வாங்கவில்லை. திசு மாதிரிகளை வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார். செப்டம்பர் கடைசியில் உண்மை வெளிவந்தது: மேற்கு நைல் வைரஸ். அமெரிக்கக் கண்டங்களில் அதுவே முதல் முறை. அந்த ஆண்டு அங்கே 7 பேர் இறந்தார்கள்.

பாலும் பூனையும்

2024இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பால் பண்ணைகளில் மாடுகள் தீனியைக் குறைத்தன, கறவை குறைந்தது, பால் சீம்பாலைப் போலத் தடித்து மஞ்சளானது. காரணம் பிடிபடவில்லை. துப்புக் கொடுத்தவை பண்ணைப் பூனைகள். காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகளில் பல செத்துப்போயின. மார்ச் மாதம் ஆய்வு முடிவு வந்தது: எச்5என்1 பறவைக் காய்ச்சல், மாட்டின் மடியில். பறவைக் காய்ச்சல் வைரஸ் பாலுக்குள் இவ்வளவு பெருகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் இந்த வைரஸ் அழிந்துவிடும்.

இதே வைரஸ் 1997இல் ஹாங்காங்கில் முதன்முதலாக மனிதரைத் தாக்கியது. 18 பேருக்குத் தொற்று, 6 பேர் சாவு. அந்நகரின் கோழிகள் அத்தனையையும் அழித்துத்தான் நிறுத்தினார்கள்.

மால்டாவின் ஆடுகள்

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்கள் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் வாடினார்கள். 1887இல் படை மருத்துவர் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. தண்ணீரா, காற்றா, கொசுவா? 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் என்ற மால்டா மருத்துவர் ஆட்டின் ரத்தத்தைச் சோதித்தார். வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்துகொடுக்கப்பட்ட, பார்வைக்குத் துளிக்கூட நோயில்லாத ஆடுகள்தான் கிருமியைச் சுமந்தன. 1906இல் படைமுகாம்களில் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் விழுந்தது.

நம்மூர்க் கால்நடை மருத்துவர்கள் ‘கன்று வீச்சு நோய்’ என்பது இதைத்தான். சினை மாடு குறைமாதத்தில் கன்று வீசினால், அந்தக் கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்கிறவருக்கு இந்தக் கிருமி வர வாய்ப்பு உண்டு. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பவருக்கும் உண்டு.

நெதர்லாந்தின் மௌனம்

2005 முதல் நெதர்லாந்தின் தென்பகுதி ஆட்டுப் பண்ணைகளில் கூட்டம் கூட்டமாகக் கரு கலைந்தது. காரணம் ‘க்யூ காய்ச்சல்’ கிருமி. 2007 முதல் பண்ணைகளைச் சுற்றி வாழ்ந்த மனிதருக்குக் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் வந்தன. 2010க்குள் 4,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் பதிவானது. எந்தப் பண்ணையில் தொற்று இருக்கிறது என்ற விவரம் மனித மருத்துவத் தரப்புக்கு உரிய நேரத்தில் போகவில்லை. கடைசியில் 50,000க்கும் மேற்பட்ட சினை ஆடுகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. பணமும் படிப்பும் தொழில்நுட்பமும் நிறைந்த நாட்டில், ஒரு அலுவலகத்துக் கோப்பு இன்னொரு அலுவலகத்துக்குப் போகாததால் நடந்தது இது.

நிபா: கொசு மருந்து வீணான கதை

1998இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைப் பகுதிகளில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முக்கியமாகக் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். அதற்கு முன் பண்ணைப் பன்றிகளே இருமித் தள்ளியிருந்தன. 1999 மார்ச்சில் சுவா கா பிங் என்ற ஆய்வாளர் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோய் அடங்குவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணை ஓரத்தில் நட்ட பழமரங்களுக்குப் பழந்தின்னி வௌவால்கள் வந்தன. அவை கடித்துப் போட்ட மாம்பழத்தைப் பன்றி தின்றது. நோய் வந்த வழி அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வங்கதேசத்தில் பன்றி தேவைப்படவில்லை. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிச் சாறு இறக்கி, விடிகாலையில் பச்சையாகக் குடிப்பார்கள். ஆய்வாளர்கள் மரத்தில் அகச்சிவப்புக் கேமரா கட்டி இரவு முழுக்கப் படமெடுத்தார்கள். வௌவால்கள் வந்து, சீவிய இடத்தில் வழியும் சாற்றை நக்கிக் குடித்தன. சில அங்கேயே சிறுநீர் கழித்தன. தீர்வு மிக எளிதாக இருந்தது. சீவிய இடத்தையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மூடிவிட்டால் வௌவால் வாய்வைக்க முடியாது. அதே சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கினால் பயமே இல்லை.

2018இல் கோழிக்கோட்டிலும் சுற்றுப்பகுதியிலும் நிபா 17 உயிர்களைப் பறித்தது. பணியின்போது தொற்றி இறந்த செவிலியர் லினியைக் கேரளம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

வௌவால் ஏன் ஊருக்குள் வருகிறது?

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் 25 ஆண்டுத் தரவுகளை வைத்து விடை தேடினார்கள். ஹெண்ட்ரா வைரஸ் 1994இல் பிரிஸ்பேன் நகரின் குதிரை லாயத்தில் வெளிப்பட்டது. குதிரைகளும் அவற்றின் பயிற்சியாளரும் இறந்தார்கள். வைரஸைச் சுமப்பது பழந்தின்னி வௌவால்.

பெகி ஈபி, ரெய்னா பிளவ்ரைட் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது. குளிர்காலத்தில் பூக்கும் யூகலிப்டஸ் காடுகள்தான் அந்த வௌவால்களின் பஞ்சகால உணவு. காட்டை வெட்டிவிட்டார்கள். எல் நினோ ஆண்டுக்குப் பின் தேன் வற்றும்போது வௌவால்கள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, குதிரை மேயும் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் பக்கத்தில் தங்கிவிடுகின்றன. பட்டினியில் வைரஸை அதிகம் வெளியேற்றுகின்றன. ஆனால் எஞ்சியிருக்கும் காட்டில் எந்தக் குளிர்காலத்திலாவது மரங்கள் நன்றாகப் பூத்தால், வௌவால்கள் கூட்டமாக அங்கே கிளம்பிவிடும். அப்படிப் பூத்த குளிர்காலங்களில் குதிரைக்கு நோய் தாவவே இல்லை.

வௌவாலை விரட்டு, மரத்தை வெட்டு என்று நிபா செய்தி வரும்போதெல்லாம் எழும் கூச்சலுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் அறிவியலுக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை.

2012 முதல் ஹெண்ட்ராவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதைப் போடுவது குதிரைக்கு. குதிரை பிழைத்தால் அதைப் பராமரிக்கிறவரும் பிழைப்பார்.

பாறு இல்லாத வானம்

மாட்டுக்கு வலி தீர்க்கப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, அந்த மாடு செத்த பின் அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களில் தொடங்கிய சரிவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. காரணம் மருந்துதான் என்று 2004இல் வெளியான ஆய்வு நிறுவியது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது.

பாறு போனதால் மனிதருக்கு என்ன ஆயிற்று? பிணந்தின்ன ஆளில்லாமல் மாட்டு உடல்கள் அழுகின, தண்ணீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் மாவட்ட வாரியாகக் கணக்கிட்டார்கள். 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் பாறுகள் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுகின்றன. அவை உயிரோடிருப்பது, அக்கம்பக்கத்து ஊர்களில் மாட்டுக்கு எந்த ஊசி போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மெலாக்சிகம் பாறுக்குக் கேடு செய்யாத மாற்று மருந்து. உங்கள் மாட்டுக்கு அதைக் கேட்டு வாங்கலாம்.

துண்டுச் செய்திகள் சில

தட்டம்மை மாட்டிடமிருந்து வந்தது. மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் வைரஸும் தட்டம்மை வைரஸும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. தட்டம்மை இன்னும் இருக்கிறது.

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக 1955இல் வேலூரில் அறியப்பட்டது. கொக்கு, பன்றி, நெல்வயலில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு ஆகிய மூன்றுக்கும் நடுவே சுற்றும் நோய் இது. மனித ரத்தத்தில் இந்த வைரஸ் போதிய அளவு பெருகாததால், நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவருக்கு அதைக் கொண்டுபோவதில்லை.

இலங்கையில் 2008இல் 7,000க்கும் அதிகமானோருக்கு எலிக்காய்ச்சல் என்று பதிவானது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில், வெடித்த காலோடும் சிராய்த்த கையோடும் நிற்கும் நெல் விவசாயியே இந்த நோய்க்கு முதல் இலக்கு.

ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலில், பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், மார்பின் கீழ், இடுப்பு மடிப்பு போன்ற மறைவான இடங்களில் தேடிப் பார்க்க வேண்டும். முற்றிய நோய்க்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தநாளம் வழியே கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிடச் சிறந்தது என்று 2023இல் நிறுவிய ஆய்வுக்குத் தலைமை தாங்கியது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை.

நோய் ஒருவழிப் பாதையில் மட்டும் வருவதில்லை. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் கொரோனாத் தொற்றோடு இறந்தது. பல சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. அப்போது ஊரில் சுற்றிய அதே டெல்டா வகைதான் அவற்றிடமும் இருந்தது. முதுமலை முகாம் யானைகளுக்கும் பரிசோதனை செய்தார்கள்.

கோழியும் மாடும் கொழுக்கக் கொடுத்த கொலிஸ்டினை இந்தியா 2019இல் தடை செய்தது. வேறெந்த மருந்துக்கும் மசியாத கிருமிக்கு மனித மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் ஆன்டிபயாடிக் அது.

வெறிநோய்க்கு விடை நாயிடம்

மனிதருக்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 நாய் வழியே வருகிறது. நோய்க்குறி தென்பட்ட பின் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் தென்னிந்தியாவுக்குத் தடுப்பூசி தந்து காத்தது. ஆனால் கடிபட்டவருக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் ஒழியாது. நாய்க்குப் போட்டால் ஒழியும். ஒரு ஊரின் நாய்களில் 100க்கு 70க்குத் தடுப்பூசி போட்டால் போதும், நோய் அறுந்துவிடும். கோவாவில் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வலை வீசி நாய் பிடித்து, ஊசி போட்டு, அங்கேயே விட்டார்கள். செல்போன் செயலியில் தெருத்தெருவாகக் கணக்கு வைத்தார்கள். நாய்களிடம் வெறிநோய் 92 விழுக்காடு குறைந்தது.

கடிபட்டால் சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

காகங்கள், கோழிகள், குரங்குகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். மாடு, ஆடு சுகமில்லை என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ‘போன வாரம் சேற்று வயலில் வெறுங்காலோடு நின்றேன்’, ‘மாடு கன்று வீசியது, நான்தான் எடுத்துப் போட்டேன்’, ‘காட்டில் விறகு ஒடிக்கப் போனேன், அங்கே குரங்கு செத்துக் கிடந்தது’. எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் மருந்து அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.